கடை விலையும் தட்டு விலையும்: நெல்லை வீட்டுப் பலசரக்குக் கணக்கு

உரித்த தேங்காய் ஒன்று தராசில் 500 கிராம் காட்டுகிறது. கிலோ 70 ரூபாய் என்றால் அந்தக் காய்க்கு 35 ரூபாய். உடைத்து, தண்ணீரை வடித்து, சிரட்டையை ஒதுக்கிவிட்டுப் பருப்பை மட்டும் நிறுத்தால் 250 கிராமுக்கு முன்பின்னாகத்தான் இருக்கும். ஆக, மிக்சியில் அரைபடும் தேங்காயின் விலை கிலோவுக்கு 140 ரூபாய். காலையில் சட்னி, மதியம் அவியலோ கூட்டோ, ராத்திரி மறுபடியும் சட்னி என்று போகிற நெல்லை வீட்டில் நாளுக்கு ஒரு காய் சாதாரணமாக ஆகும். மாதம் 1,050 ரூபாய். பல வீடுகளில் துவரம்பருப்புக்கு ஆகும் செலவைவிட இது அதிகம். ஆனால் பருப்பு விலையைப் பற்றிப் பேசுகிற அளவுக்குத் தேங்காய்க் கணக்கை யாரும் பேசுவதில்லை.

கடைக்காரர் சொல்வது கடை விலை. கழிவு போக, கெட்டது போக, வெந்து தட்டுக்கு வந்து சேருவதன் விலை வேறு. அதைத் தட்டு விலை என்று வைத்துக்கொள்ளலாம். மலிவான கடையைத் தேடி அலைவதால் மிஞ்சுவது கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய். தட்டு விலையைக் கணக்குப் பார்த்து வாங்கினால் மிஞ்சுவது அதைவிடப் பல மடங்கு. மத்திய அரசின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, நாட்டில் சராசரியாகக் கிராமத்து வீட்டுச் செலவில் 47 சதவீதமும் நகரத்து வீட்டுச் செலவில் ஏறத்தாழ 40 சதவீதமும் சாப்பாட்டுக்கே போகிறது. வாடகையைக் குறைக்க முடியாது, பள்ளிக்கூடக் கட்டணத்தைக் குறைக்க முடியாது. கை வைக்க இடம் இருப்பது இங்கேதான்.

எந்த விலை நம் கைக்குள் அடங்கும்?

எல்லா விலையும் ஒரே காரணத்தால் ஏறுவதில்லை. காரணம் தெரிந்தால்தான் எதை முன்கூட்டி வாங்கி வைக்கலாம், எதைக் குறைவாகப் புழங்குவது மட்டுமே வழி என்று பிரிக்க முடியும்.

சமையல் எண்ணெய் நம் ஊர் மழைக்கும் வெயிலுக்கும் கட்டுப்பட்டதல்ல. நாட்டின் தேவையில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்தும் சூரியகாந்தி எண்ணெய் பெருமளவு ரஷ்யா, உக்ரைன் பக்கமிருந்தும் வருகிறது. 2024 செப்டம்பரில் சுத்திகரிக்காத சமையல் எண்ணெய் வகைகளுக்கு 20 சதவீத அடிப்படை இறக்குமதி வரி போட்டதும் விலை ஏறியது. 2025 மே இறுதியில் அதை 10 சதவீதமாகக் குறைத்தார்கள். இந்த ஏற்ற இறக்கத்தை முன்கூட்டி யூகித்து டின் டின்னாக வாங்கி வைப்பதில் பலன் இல்லை. எண்ணெய் காறல் பிடித்துவிடும்.

தேங்காய் நம் பக்கத்துச் சரக்கு. தென்காசி, செங்கோட்டை, கடையம் பக்கம் முழுக்கத் தோப்புகள். இருந்தும் 2025-இல் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டிப் போனது. முந்தைய ஆண்டுகளின் கடும் வெயிலும் வறட்சியும் குரும்பையை உதிர்த்தன. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ தென் மாவட்டத் தோப்புகளிலும் பரவி விளைச்சலைக் குறைத்தது. தென்னையில் பாளை வெடித்து நெற்றாக ஏறத்தாழ ஓராண்டு ஆகும் என்பதால், ஒரு கோடையின் அடி அடுத்த ஆண்டுதான் கடையில் தெரியும். எனவே தேங்காய் விலை ஏறினால் சீக்கிரம் இறங்காது. சமையலில்தான் மாற்றம் செய்ய வேண்டும்.

காய்கறிக்குக் காரணம் பக்கத்தில் இருக்கிறது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து லாரிகள் புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகின்றன. ஆவணியில் ஓணம் நெருங்கினால் தடியங்காய் (வெள்ளைப் பூசணி), முருங்கை, சேனை, வாழைக்காய் எல்லாம் விலை ஏறும். கார்த்திகையில் மாலை போடும் காலத்தில் மறுபடி ஏறும். அதே நேரத்தில் வடகிழக்கு மழையில் செடிகள் அழுகும். முருங்கைக்காய் கார்த்திகை முதல் தை வரை தொட முடியாத விலைக்குப் போய்விட்டு, பங்குனியில் சீந்துவார் இல்லாமல் கிடப்பது ஆண்டுதோறும் நடப்பது. இது காலத்தோடு ஏறி இறங்கும் விலை. இப்படிப்பட்டதைத்தான் வீட்டில் இருந்தபடியே வெல்ல முடியும். அரிசி, உளுந்து, பயறு, புளி, மிளகாய் வத்தல், மல்லி எல்லாம் இந்த வகை.

தேங்காய்

எடைக்கு வாங்குவதா, எண்ணிக்கைக்கு வாங்குவதா என்பதைப் பொறுத்துத் தேர்வு மாறும். எண்ணிக்கைக்கு விற்றால் கனமான காயை எடுக்கலாம். எடைக்கு விற்றால் அது தப்பு. கனத்தில் பெரும்பங்கு தண்ணீராக இருக்கும். காதருகே வைத்து ஆட்டும்போது தண்ணீர் தளக் தளக் என்று குதிக்கிற காய் முற்றியது, தண்ணீர் வற்றத் தொடங்கியது. அதில் பருப்பு தடிமனாக இருக்கும். சத்தமே வராமல் கனத்தால் இளசாக இருக்க வாய்ப்பு அதிகம். சத்தம் இல்லாமல் கனமும் இல்லையென்றால் உள்ளே காறிக் கொப்பரையாகியிருக்கலாம். கண் இருக்கும் இடத்தில் ஈரக்கசிவோ பூசணமோ தெரிந்தால் வேண்டாம்.

குடுமியை உடைக்கிற அன்றுதான் எடுக்க வேண்டும். குடுமி போனால் கண் வெளியே தெரியும், அந்த மெல்லிய இடம் வழியாகத்தான் கெடுதல் உள்ளே போகிறது. கண் மேலே பார்க்கும்படி காயை நிறுத்தி வைத்தால் தண்ணீர் கண்ணில் படாமல் இருக்கும், நாள் தாங்கும். உடைத்த காயில் கண் உள்ள மூடியை முதலில் செலவழியுங்கள். அதுதான் முதலில் வழுவழுக்கும். மூன்று நாளைக்குள் தீராது என்று தெரிந்தால் அன்றே துருவி, ஒரு வேளைக்கு ஆகும் அளவாகப் பிரித்து ஃப்ரீசரில் வைப்பது நல்லது. மொத்தமாக ஒரே டப்பாவில் வைத்து எடுத்து எடுத்து உருக்கினால் இரண்டே வாரத்தில் காறல் வாடை வரும்.

சட்னியில் மூன்றில் ஒரு பங்கு தேங்காய்க்குப் பதிலாகப் பொரிகடலை சேர்த்தால் வித்தியாசம் தெரியாது. 60 கிராம் தேங்காய்க்கு 30 கிராம் என்பது சரியான அளவு. பாதிக்கு மேல் போனால் மாவு வாடை அடிக்கும், சட்னி இறுகிவிடும். சொதிக்குப் பால் எடுத்த சக்கையைத் தூர எறிகிறார்கள். அதில் இன்னும் எண்ணெய்ப் பசை இருக்கிறது. பொரியலுக்கோ, வறுத்து வத்தல் சேர்த்து அரைக்கும் பொடிக்கோ அதுவே போதும். இப்படி நாளுக்கு ஒரு காயை வாரத்துக்கு நாலு காயாக இறக்கினால் மேலே சொன்ன 1,050 ரூபாய் 600 ரூபாயாகிறது.

உளுந்து

தேங்காய்க்கு அடுத்து நெல்லைச் சமையலின் அடையாளம் உளுந்துதான். கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தது மார்கழிக் கடைசியிலும் தையிலும் களத்துக்கு வரும். அந்த இரண்டு மாதத்தில் வாங்குவதற்கும் ஆவணியில் வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு விலை மட்டுமல்ல. புது உளுந்து ஆட்டும்போது பொங்கி வரும். ஓராண்டு பழசானது பாதிப் பொங்கலோடு நின்றுவிடும். இட்லிக்கு நாலுக்கு ஒன்று போடுகிற வீட்டில், பழைய உளுந்தென்றால் மூன்றுக்கு ஒன்று போட்டால்தான் அதே மென்மை கிடைக்கும். விலை கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைவென்று பழையதை வாங்கினால் மாவில் நட்டம்.

வெள்ளை உருட்டு உளுந்து, உடைத்த வெள்ளை, தொலி (தோல்) உளுந்து என்று மூன்று விலை இருக்கும். தொலி உளுந்தில் தொலி மட்டும் எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஆகவே தொலி உளுந்தின் விலை, வெள்ளை உளுந்தின் விலையைவிடப் பதினைந்து சதவீதம் குறைவாக இருந்தால் அதை வாங்கி வீட்டில் தொலி நீக்குவதில் லாபம் உண்டு. விலை வித்தியாசம் அதைவிடக் குறைந்தால் உழைப்புதான் மிச்சம். நீக்கும் முறை எளிது. மூன்று மணி நேரம் ஊற வைத்து, அகலமான பாத்திரத்தில் இரண்டு உள்ளங்கைக்கும் இடையில் தேய்த்து, தண்ணீரை நிரப்பிச் சாய்த்தால் கருந்தொலி மிதந்து ஓடும், பருப்பு அடியில் தங்கும். ஆறு மணி நேரம் ஊறிவிட்டால் பருப்பும் மெதுவாகித் தொலியோடு சேர்ந்து கரையும். ஊறிய தண்ணீரிலும் பசை போய்விடும். அதனால்தான் நேரத்தைக் கணக்காகப் பார்க்கச் சொல்வது. மாவு ஆட்டும்போது தண்ணீரைக் குளிர்ச்சியாகத் தெளிக்க வேண்டும். கல் சூடேறினால் பொங்காது. உளுந்து விலை கூடிய நாளில் ஐந்துக்கு ஒன்றாகக் குறைத்து, ஒரு படி அரிசிக்கு ஒரு தேக்கரண்டி வெந்தயம் ஊற வைத்துச் சேர்த்தால் அதன் கொழகொழப்பு காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

உளுந்தம்பருப்புச் சோறும் கணக்கில் நன்றாகவே நிற்கும். நாலு பேருக்கு 400 கிராம் அரிசி, 200 கிராம் தொலி உளுந்து, பத்துப் பல் வெள்ளைப்பூடு, கொஞ்சம் வெந்தயம், ஒரு மூடித் தேங்காய்த் துருவல். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். குழம்பு வேண்டாம், பொரியல் வேண்டாம், தாளிக்கும் எண்ணெயும் வேண்டாம். அடுப்பு எரிவது ஒரே தடவை. சாம்பார், இரண்டு காய், அப்பளம் என்று வைக்கிற நாளோடு ஒப்பிட்டால் செலவு பாதிக்கு அருகில் வரும், பருப்பின் அளவோ குறைவதில்லை. கூட்டாஞ்சோறும் இப்படித்தான். வாரக் கடைசியில் மிஞ்சிய அரைக் கத்திரிக்காய், ஒரு முருங்கைக்காய், வாழைக்காய்த் துண்டு, முருங்கைக் கீரை எல்லாம் அதில் சேரும். துவரம்பருப்பு விலை ஏறுகிற மாதத்தில் வாரம் ஆறு நாள் சாம்பாரை மூன்றாகக் குறைத்து, மற்ற நாளில் உளுந்தம்பருப்புச் சோறு, புளிக்குழம்பு, காணத் (கொள்ளு) துவையலோடு ரசம் என்று மாற்றினால் வாரத்துக்கு 900 கிராம் பருப்பு 450 ஆகும். காணம் பெரும்பாலும் மற்றப் பருப்புகளைவிட விலை குறைந்தது, புரதத்தில் குறைந்ததல்ல. இன்றைக்கு அதை மறந்துபோன வீடுகள் அதிகம், அதுதான் வருத்தம்.

வாங்கி வைத்ததை வண்டிடம் கொடுக்காமல் இருக்க

அறுப்புக் காலத்தில் வாங்கி வைக்கலாம் என்று சொல்வது சுலபம். ஆறாவது மாதம் டப்பாவைத் திறந்தால் பயறெல்லாம் துளை. முழுப்பயறில் வரும் வண்டு வீட்டில் பிறப்பதில்லை, வயலிலிருந்தே வருகிறது. காயாக இருக்கும்போதே முட்டை ஒட்டிவிடும். கூர்ந்து பார்த்தால் பயறின் மேல் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரியும், அதுதான் முட்டை. புழு உள்ளே துளைத்துப் போய்ப் பருப்பைத் தின்று, வண்டாகி, வட்டமான துளை போட்டு வெளியே வரும். இதற்கு ஏறத்தாழ ஒரு மாதம். ஒரு பெண் வண்டு 80, 100 முட்டை வரை இடும் என்றால் மூன்றாம் மாதம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உடைத்த பருப்பில் இந்த வண்டு அநேகமாக வராது. ஆகவே நீண்ட நாள் வைக்க வேண்டுமென்றால் உடைத்து வைப்பதே முதல் பாதுகாப்பு.

முழுப்பயறாகவே வைப்பதானால், வாங்கிய வாரமே நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் மெல்லிய பரப்பாகக் காய வைக்க வேண்டும். பிறகு நிழலில் முழுக்க ஆற விட வேண்டும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். ஆறியதும் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெயோ வேப்பெண்ணெயோ கையில் எடுத்துப் பூசினாற்போல் புரட்டினால், எண்ணெய்ப் படலம் முட்டையை மூச்சடைக்கச் செய்யும். சாப்பாட்டுப் பயறுக்கு விளக்கெண்ணெயே ஏற்றது, கழுவினால் போய்விடும். கொஞ்சமாக இருந்தால் ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தாலும் முட்டை செத்துவிடும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வடிவமைத்த துளைக்குழாய்ப் பொறியைத் தானியத்துக்குள் செருகி வைத்தால் நடமாடும் வண்டுகள் துளை வழியாக விழுந்து அடியில் சேரும். எவ்வளவு வண்டு இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அரிசியை இப்படி வெயிலில் போடக் கூடாது. மணி வெடித்து நொறுங்கும், சோறு குருணையாகிக் குழையும். நிழல் காய்ச்சல்தான் அதற்கு. வேப்பிலை, நொச்சியிலை போடுவதாக இருந்தால் சருகாகக் காய்ந்ததைப் போட வேண்டும். பச்சை இலை ஈரத்தைத்தான் கொண்டு சேர்க்கும். நடக்கிற தவறுகளில் பெரியது, தீரப் போகிற பழைய அரிசியின் மேலேயே புது அரிசியைக் கொட்டுவது. அடியில் இருக்கும் வண்டுக்கு அது விருந்து. டப்பாவை ஒட்டத் துடைத்து, விளிம்பையும் இடுக்கையும் பார்த்து, வெயிலில் காய வைத்துவிட்டே நிரப்ப வேண்டும். மூட்டையைச் சுவரோரம் வெறுந்தரையில் வைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தரையும் சுவரும் ஈரத்தைக் கொடுக்கும். பலகை மேல் வைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும்.

உயரத்தையும் கவனிக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையோர வீடுகளில் தண்ணீர் புகுந்தபோது, ஆண்டுச் சரக்கைத் தரையில் வைத்திருந்தவர்களுக்கு மொத்தமும் போனது. தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் பரணில் ஏற்றி வைக்க முடிகிற அளவுக்குத்தான் மொத்தமாக வாங்க வேண்டும்.

அரிசி

தாமிரபரணிப் பாசனத்தில் கார் சாகுபடி புரட்டாசி வாக்கிலும், பிசானம் மாசி, பங்குனியிலும் அறுப்புக்கு வரும். பாபநாசம் அணையில் தண்ணீர் இல்லாமல் கார் தவறிப்போகும் ஆண்டுகளில் பிசான அறுப்பு வரை உள்ளூர் அரிசி விலை இறங்காது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் வெளியிட்ட அம்பை 16 இன்னும் நம் வயலில் நிற்கும் ரகம். குட்டையான, தடித்த அரிசி. சன்ன அரிசி மோகத்தில் இதைச் சாப்பாட்டுக்குத் தள்ளி வைத்துவிட்டோம். இட்லிக்கும் மதியச் சோற்றுக்கும் ஒரே அரிசியாக வைத்துக்கொள்ள இது போதும்.

புது அரிசிக்கு இரண்டு பங்கு தண்ணீர் போதும், சோறு குழைந்து பாத்திரத்தில் குறைவாகத் தெரியும். ஆறேழு மாதம் பழகிய அரிசி இரண்டரைப் பங்கு வரை குடித்து உதிரியாகப் பொங்கும். சத்து கூடுவதில்லை என்றாலும் குழைந்து ஒதுக்கப்படும் சோறு குறையும். கடையில் பழைய அரிசிக்குக் கூடுதல் விலை கேட்பது இதற்காகத்தான். அரிசியை அப்படிப் பழக வைப்பதை நம் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

அறுப்பு நேரத்தில் விவசாயியிடம் நெல்லாகவே வாங்கினால் கணக்கு இன்னும் நன்றாக இருக்கும். 2025-26 பருவத்துக்குத் தமிழகத்தில் சாதாரண ரக நெல்லின் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். அதே விலையைக் களத்திலேயே கையில் கொடுத்தால் விவசாயிக்குக் காத்திருப்பும் மூடைத் தூக்குக் கூலியும் மிச்சம். ஊர் மில்லில் 100 கிலோ நெல்லுக்கு 65 கிலோ அரிசி என்று வைத்தால் கிலோ 38 ரூபாய் 50 காசு ஆகிறது. அரைவைக் கூலியும் வண்டி வாடகையும் சேர்த்தாலும், தவிட்டை மாட்டுக்காரருக்குக் கொடுத்து ஓரளவு ஈடு கட்டலாம். கவனிக்க வேண்டியது ஈரப்பதம். நெல்மணியைப் பல்லில் கடித்தால் கடக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் காய வேண்டும், அப்படியே வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். உமியோடு இருக்கும்வரை வண்டும் எளிதில் தொடாது. இரண்டு மாதத்துக்கு ஆகும் அளவு மட்டும் அவ்வப்போது அரைத்துக்கொள்ளலாம். புழுங்கலுக்கு அவித்துக் காயப்போட இடமும் ஆளும் வேண்டும். அது இல்லாத வீட்டுக்கு இந்த வழி பச்சரிசிக்குத்தான் சரிப்படும்.

பையாக வாங்குபவர்களுக்கு ஒரு சின்ன விவரம். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பொதிந்து முத்திரையிட்ட அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அதற்கு மேற்பட்ட பைக்கு இல்லை. கடைகளில் 26 கிலோ பை வந்ததன் காரணம் இதுதான். இரண்டையும் கிலோவுக்கு வகுத்துப் பார்த்து வாங்குங்கள். சில ரகங்களில் 26 கிலோ பையின் கிலோ விலையும் அதே அளவுக்கு ஏற்றப்பட்டிருக்கும். உதிரியாக நிறுத்துக் கொடுக்கும் பலசரக்குக் கடைச் சரக்குக்கு இந்த வரி இல்லை.

ரேஷன் அரிசியை வாங்காமல் விடுவதும், வாங்கி வேறொருவருக்குக் கொடுப்பதும் பல வீட்டில் நடக்கிறது. சோற்றுக்குப் பிடிக்கவில்லையென்றால் புழுங்கலை இட்லி மாவில் பாதிக்குப் பாதி கலக்கலாம். பச்சரிசியை ஊற வைத்து இடித்தால் புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் மாவு. நூறு மணிக்கு ஒன்றாகச் சற்று நிறம் மாறிய மணிகள் கிடந்தால் அது பிளாஸ்டிக் அல்ல. இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டிய மணி. பொறுக்கி எறிந்துவிட்டால் சத்துதான் போகும். கிலோ 30 ரூபாய்த் துவரம்பருப்பும் லிட்டர் 25 ரூபாய்ப் பாமாயிலும் வரும் நாளைத் தெரிந்து வாங்கிவிட வேண்டும். பாமாயில் சூட்டைத் தாங்கும் எண்ணெய் என்பதால் வடை, முறுக்கு, அப்பளம் பொரிக்க அதையே ஒதுக்கினால் கடலெண்ணெய் (கடலை எண்ணெய்) மிச்சமாகும்.

எண்ணெய், புளி, காய்

எண்ணெய்ப் பாக்கெட்டில் பெரிய எழுத்தில் இருப்பதைப் பார்க்காதீர்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம். 850 மில்லி, 800 கிராம், 750 கிராம் என்று பல அளவில் ஒரே உயரப் பாக்கெட் வருகிறது. பாக்கெட்டில் சிறிய எழுத்தில் அலகு விலை அச்சிட்டிருப்பார்கள், ஒப்பிட வேண்டியது அதை. செக்கெண்ணெய் சொந்தமாக ஆட்டினால் மலிவு என்று சொல்வது எல்லா நாளும் சரியல்ல. ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 130 என்றால் அதற்கே 325 ரூபாய். கூலியைக் கூட்டி, பிண்ணாக்கு விலையைக் கழித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ருசிக்காகவும் கலப்படமில்லை என்ற நிம்மதிக்காகவும் ஆட்டலாம், சிக்கனம் என்ற கணக்கில் அது வராது. சொந்தத் தென்னை உள்ளவர்களுக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் ஆட்டுவது உறுதியான லாபம்.

புது புளி மாசி முதல் சித்திரை வரை வரும். கொட்டையோடு வாங்குவதா, எடுத்ததை வாங்குவதா? ஓடு நீக்கிய புளியில் சதை ஏறத்தாழ 60 சதவீதம், மீதி கொட்டையும் நாரும். எனவே கொட்டைப்புளியின் விலை, சுத்தம் செய்த புளியின் விலையில் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மட்டுமே உட்கார்ந்து குத்தியெடுப்பதில் பொருள் உண்டு. 160 ரூபாய்க்குச் சுத்தப்புளி கிடைக்கும்போது 100 ரூபாய்க்குக் கொட்டைப்புளி வாங்கினால் கை நோவுதான் மிஞ்சும். ஒரு நாள் வெயிலில் காட்டி, கல்லுப்பைத் தூவி அழுத்திச் சாடியிலோ பானையிலோ அடைத்தால் இரண்டு ஆண்டு நிற்கும். தக்காளி கிலோ நூறைத் தொடும் ஆடியிலும் ஐப்பசியிலும் இந்தப் புளிதான் கை கொடுக்கும். நெல்லைக் குழம்புக்குப் புளிப்பு புளியிலிருந்து வந்ததுதான், தக்காளி பிறகு வந்து சேர்ந்தது.

காய்க்கு உழவர் சந்தை. மகாராஜநகர் சந்தையில் காலையில் எழுதி வைக்கிற பலகைதான் அன்றைய நியாய விலைக்கு அளவுகோல். மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவில் வைத்து நிர்ணயிப்பது நடைமுறை. நயினார்குளம் மொத்த மார்க்கெட்டில் நாலு வீடு சேர்ந்து ஒரு பெட்டி தக்காளியோ ஒரு மூடை பல்லாரியோ (பெரிய வெங்காயம்) எடுத்துப் பிரித்துக்கொள்ளலாம். பெட்டியில் அடியில் நசுங்கியது, வெம்பியது என்று பத்தில் ஒரு பங்கு கழியும் என்று முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொண்டால் சண்டை வராது. சின்ன உள்ளியை (சின்ன வெங்காயம்) தாளோடு வாங்கி முடிச்சுப் போட்டுக் காற்றில் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் தாங்கும். பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்டால் ஒரு வாரத்தில் முளைக்கும், அழுகும். சிறுகிழங்கு பொங்கலுக்கு முந்தின மூன்று நாளில் எகிறும், கழிந்த வாரம் இறங்கும். பொங்கலுக்கு அரைக் கிலோ போதும், மீதியை அப்புறம் வாங்கலாம்.

மலிந்து கிடக்கும் காயைப் பங்குனி, சித்திரை வெயிலில் வத்தலாக்கி வைப்பதுதான் மழைக்கால விலையேற்றத்துக்கான மருந்து. சீனியவரைக்காயை (கொத்தவரை) உப்பு போட்ட கொதிதண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, பாயில் பரப்பி, நாலைந்து வெயில் காட்ட வேண்டும். ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னொரு வெயில். ஒரு கிலோ காய் நூறு கிராமுக்குச் சற்று மேல் வத்தலாகும். கொதிதண்ணீரில் போடாமல் அப்படியே காய வைத்தால் நிறம் கறுத்துப் பொரிக்கும்போது கசக்கும். கத்திரிக்காய், சுண்டைக்காய், மிதுக்கங்காய், மோர் மிளகாய் எல்லாம் இந்த இரண்டு மாதத்துக்குள் முடிய வேண்டிய வேலை.

எந்த வரிசையில் வாங்குவது?

கவனித்திருப்பீர்கள்: உளுந்து தையில், மிளகாய் வத்தலும் மல்லியும் மாசியில், நெல் மாசி பங்குனியில், புளி பங்குனியில். வாங்கும் காலமெல்லாம் மூன்று மாதத்துக்குள் நெருக்கியடிக்கிறது. மாதச் சம்பளத்தில் அந்த நேரத்துக்கு மொத்தப் பணமும் இருக்காது, கடன் வாங்கி வாங்கினால் வட்டி லாபத்தைத் தின்றுவிடும். ஆவணியிலிருந்தே மாதம் 500 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால் தை பிறக்கும்போது 2,500 ரூபாய் கையில் நிற்கும்.

அந்தப் பணத்துக்கு முதல் இடம் புளிக்கும் மிளகாய் வத்தலுக்கும். விலை ஏற்ற இறக்கம் அதிகம், இடம் கொஞ்சம், கெடுதல் குறைவு. ஆண்டுக்கு நாலு பேருக்கு ஏழெட்டுக் கிலோ புளியும், நாலைந்து கிலோ வத்தலும் போதும். வத்தலைக் காம்போடு வைக்க வேண்டும், காம்பு கிள்ளினால் விதை உதிர்ந்து காரம் போகும். மல்லியையும் வத்தலையும் முழுதாகவே வைத்து, இரண்டு மாதத்துக்கு ஆகும் அளவு மட்டும் மில்லில் கொடுத்துப் பொடியாக்க வேண்டும். மொத்தமாகத் திரித்தால் மணம் போய், குழம்புக்கு இரண்டு கரண்டி கூடுதலாக விழும். அடுத்து உளுந்து, ஆறு மாதத்துக்கு மட்டும். அதற்கு மேல் வைத்தால் பொங்கல் குறையும். பயறும் காணமும் காய வைத்து எண்ணெய் புரட்ட ஆள் இருந்தால் மட்டும். அரிசி கடைசி. நெல்லை வைக்க உலர்ந்த இடமும், வண்டு பார்க்க நேரமும் இல்லாத வீட்டில் மாதத்துக்கு ஒரு பையாக வாங்கிக்கொள்வதே சரி. ஒரு மூட்டையில் வண்டு விழுந்தால் ஆண்டு முழுக்க மிச்சம் பிடித்தது அதோடு போய்விடும்.